சாலையில் செத்தது, வலையில் செத்தது

வடசென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை ராத்திரியிலும் ஓய்வதில்லை. துறைமுகத்துக்குப் போகிறவையும் அங்கிருந்து வருகிறவையும் உரசிக்கொண்டு நகரும் அந்தச் சாலையின் நடுத்திட்டில்தான் திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்து மாடுகள் படுத்து அசைபோடும். ஓரத்துக் குடிசைகளின் ஆடுகள் குறுக்கே ஓடும். நாய், பூனை, கீரி என்று எது அடிபட்டாலும் அடுத்த வண்டி அதன்மேல் ஏறிவிடும். அப்படி ஏறாமல், ஓரமாகத் தூக்கி எறியப்பட்டு, உடம்பு முழுசாக ஒரு வெள்ளாடு கிடந்தால், பார்க்கிறவர்களில் ஒருவராவது கேட்காமல் இருக்கமாட்டார்: "இப்பதானே அடிச்சான், சூடுகூட ஆறல. இருபது கிலோ கறி வீணாப் போவுதே?"

அபத்தமான கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கின்றன. அலாஸ்காவில் வண்டி மோதிச் செத்த மூஸ் மான்களின் கறியை அறக்கட்டளைகளுக்கும் பெயர் கொடுத்துவைத்த குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது பழைய வழக்கம். வாஷிங்டன் மாநிலம் 2016-ல் மானையும் எல்க்கையும் எடுத்துக்கொள்ள அனுமதித்தது. 24 மணி நேரத்துக்குள் அனுமதிச்சீட்டு வாங்கிவிட வேண்டும். ஆரிகன் 2019-ல் சேர்ந்துகொண்டது. அங்கே கறி உங்களுக்கு, தலையும் கொம்பும் அரசுக்கு. தலையைக் கேட்பது நோய்ச் சோதனைக்கு. கொம்பையும் வாங்கிக்கொள்வதால், அதற்கு ஆசைப்பட்டு யாரும் வேண்டுமென்றே வண்டியை விடவும் வழியில்லாமல் போகிறது.

டொனால்ட் புரூக்னர் என்ற தத்துவப் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். 2015-ல் வெளிவந்த கட்டுரையில், கறியே தொடமாட்டேன் என்கிறவர்கள்தான் சாலையில் செத்ததைச் சாப்பிடக் கடமைப்பட்டவர்கள் என்று வாதிட்டார். காய்கறிக்கும் தானியத்துக்கும் உழும்போதும் அறுக்கும்போதும் வயலில் எலியும் முயலும் சாகின்றன. சாலையில் கிடப்பதோ யார் தட்டுக்காகவும் கொல்லப்படாதது. தேவையில்லாத துன்பத்தைத் தவிர்ப்பதுதான் நோக்கம் என்றால் எது குறைந்த பாவம் என்பது அவர் கேள்வி. தமிழில் இந்த விவாதத்துக்கு வயது அதிகம். திருக்குறளின் புலான் மறுத்தல் அதிகாரம், தின்பதற்கென்று ஆள் இருப்பதால்தான் விற்பதற்கென்று கொல்கிறார்கள் என்ற சந்தைக் கணக்கை வைக்கிறது. லாரி அடித்த ஆடு அந்தக் கணக்கில் சிக்காது, ஏனென்றால் கறிக்காக எந்த டிரைவரும் பிரேக் பிடிக்காமல் விடுவதில்லை. ஆனால் அதே அதிகாரம், ஊன் என்பது இன்னொரு உடம்பின் புண், உயிர் போன உடல் என்றும் சொல்கிறது. இதிலிருந்து லாரி தப்புவிக்காது. நீலகேசிக் காப்பியத்தில் சமணத்துறவி பௌத்தர்களோடு மல்லுக்கு நிற்பதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான்: நான் கொல்லவில்லை, ஆகவே தின்கிறேன் என்ற சமாதானம் எவ்வளவு தூரம் செல்லும்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. புரூக்னரின் வாதத்தை அப்படியே கொண்டுவந்து புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ வைக்க எனக்குக் கூச்சம். செத்த விலங்கின் கறி இந்த நாட்டில் ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்த உணவாக இருந்ததில்லை. ஊரில் செத்த மாட்டைத் தூக்கிப்போடும் வேலையும், அதன் தோலும் கறியும், சில சாதிகளின்மேல் சுமத்தப்பட்டவை. பிறகு அந்தக் கறியையே காரணம் காட்டி அவர்களை ஒதுக்கினார்கள். 1927 மார்ச்சில் மஹத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியை விட்டுவிடுங்கள் என்று தம் மக்களிடம் கேட்டுக்கொண்டது சுகாதாரப் பிரசாரம் அல்ல, சுயமரியாதைப் பிரகடனம். வடசென்னையில் அறுத்த மாட்டின் பீஃப் பிரியாணியைத் தலைநிமிர்ந்து சாப்பிடுவதற்கும், செத்ததைச் சாப்பிடும்படி விடப்படுவதற்கும் நடுவே ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது. அலாஸ்காவின் மூஸ் கறிக்கு அந்தச் சுமை இல்லை.

அறத்தை இங்கே நிறுத்திவைத்து, ஆட்டின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கறிக்கடையில் கழுத்தை அறுக்கும்போது இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்புதான் ரத்தத்தை வெளியே தள்ளுகிற பம்ப். உடம்பிலுள்ள ரத்தத்தில் சுமார் பாதி அப்போது வெளியேறிவிடும். மீதி பெரும்பாலும் உள்ளுறுப்புகளில் தங்கும். லாரி மோதினால் இதயம் அங்கேயே நின்றுவிடலாம். தோல் கிழியாவிட்டால் ரத்தம் போக வழியே இல்லை. அது தசைக்குள் கசிந்து உறையும், புவியீர்ப்பில் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும். ரத்தம் பாக்டீரியாவுக்குச் சத்தான தீனி. ஆடு விழுந்து கிடந்த பக்கத்துத் தொடை மறுபக்கத்தைவிடக் கறுத்துத் தெரிவது இதனால்தான். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. கறியை நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் மாலகைட் கிரீன் சாயமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சொட்டுவார்கள். தெளிந்த நீலமாக நின்றால் ரத்தம் நன்றாக வடிந்த கறி. கலங்கிய பச்சையானால் ஹீமோகுளோபின் இன்னும் உள்ளே இருக்கிறது.

ரத்தத்தைவிடப் பெரிய தொல்லை வயிறு. அறுப்பவர் முதல் வேலையாகக் குடலை முழுசாக, கிழியாமல் வெளியே எடுக்கிறார். இரைப்பை பொத்துக்கொண்டால் கறி கெட்டது என்று அவருக்குத் தெரியும். லாரிக்கு அந்தப் பக்குவம் கிடையாது. குடல் உள்ளே கிழிந்து, ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் தசைமேல் கொட்டியிருக்கலாம், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. குடல் கிழியவில்லை என்றாலும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வளர்ந்த ஒரு மாட்டின் அசையூண் இரைப்பை நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் நொதிக்கலன், வெப்பம் சுமார் 39 டிகிரி. மாடு செத்துவிட்ட செய்தி அதற்குள்ளிருக்கும் நுண்ணுயிர்களுக்கு எட்டுவதில்லை. அவை நொதித்துக்கொண்டே போகும், வாயு சேரும், ஏப்பமாக வெளியேற வழியில்லாமல் வயிறு உப்பும். சென்னை மே மாத வெயிலில் சில மணி நேரத்தில் கால்கள் வானத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் உணவுக்கு ஆபத்தான எல்லை என்பார்கள். நம் ஊரில் சாலையோரம் என்பதே அந்த எல்லைக்குள்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். குடலில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இதைவிட வேகமாகப் பெருகக்கூடியது. "நல்லா வேகவெச்சா எல்லாம் செத்துடும்" என்ற நம்பிக்கை இங்கேதான் வழுக்குகிறது. வேகவைத்தால் பாக்டீரியா சாகும்; ஆனால் பெர்ஃப்ரிஞ்சன்ஸின் ஸ்போர் கொதிநீரையும் தாக்குப்பிடித்து, குழம்பு ஆறும்போது மறுபடி முளைக்கும். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஏற்கெனவே விட்டுச்சென்ற நஞ்சை அடுப்பு ஒன்றும் செய்யாது.

இதற்குப் பதிலடி ஒன்று காசிமேட்டிலிருந்து வரும். மீன்? வலையிலோ படகின் தளத்திலோ மூச்சுத் திணறித் தானாகச் சாகிற மீனை யாரும் அறுத்து ரத்தம் வடிப்பதில்லை. குடலோடு, செதிலோடு விற்கிறோம், வாங்கித் தின்கிறோம். வடசென்னையில் செத்ததைத் தின்னாத நாளே கிடையாது!

சரியான கேள்வி. அதற்கு விடையை ராயபுரம், காசிமேடு மீன்காரம்மாக்கள் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். விரலால் செவுளைத் தூக்கிக் காட்டுவார்கள்: சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும், பழுப்பேறி வழவழப்பாக இருந்தால் போச்சு. கண் உள்வாங்கக் கூடாது. விரலால் அழுத்திய பள்ளம் எழும்பி வரவேண்டும். மீன் சிறிய உடம்பு, வெப்ப ரத்தம் இல்லாதது. ஐஸ் அடித்தால் நடு முள் வரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். 25 கிலோ ஆட்டின் தொடைக்குள் இருக்கும் உடல்சூடு தோலும் ரோமமும் போர்த்தியபடி மணிக்கணக்கில் தங்கும். ஐஸ் தாமதித்தால் மீனும் மன்னிப்பதில்லை. சூரை, காணாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் அதிகம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு பொரித்தாலும், குழம்பு வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்வோம்.

குரானும் இந்த வித்தியாசத்தைத் தன் வழியில் பிடித்திருக்கிறது. கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்திலிருந்து விழுந்து செத்தது, கொம்பால் முட்டப்பட்டுச் செத்தது எல்லாம் விலக்கு. சாகுமுன் முறைப்படி அறுத்துவிட்டால் மட்டும் கூடும். கடலில் பிடிப்பதற்கு அறுக்கும் நிபந்தனை இல்லை. மண்ணடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ அடிபட்ட ஆட்டுக்கு மூச்சிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது வெறும் சடங்கு அல்ல. இதயம் துடிக்கிறதா, ரத்தம் வடியுமா என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

கறி கெட்டுப்போனதா என்பதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று: அந்த ஆடு ஏன் அங்கே வந்தது? நன்றாக இருக்கும் விலங்கு வண்டிச் சத்தத்துக்கு ஒதுங்கும். காய்ச்சலில் தள்ளாடுவது, வெறிநோய் கண்டது, நஞ்சு தின்றது ஒதுங்காது. லாரி கடைசிக் காரணமாக மட்டும் இருக்கலாம். அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் வந்த மாடு திடீரென்று விழுந்து சாகும்; மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசியும். சாலையோரம் மூக்கில் ரத்தத்தோடு கிடக்கும் மாட்டைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது லாரிதான். அடைப்பான் என்ற சந்தேகம் இருந்தால் கத்தியே வைக்கக் கூடாது என்பது கால்நடை மருத்துவத்தின் கறாரான விதி. உடம்பைத் திறந்து காற்று பட்டதும் அந்தக் கிருமி ஸ்போராக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் செத்த கால்நடையை உரித்து, சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆந்த்ராக்ஸ் வருவது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஏழைக் குடும்பத்துக்குச் செத்த மாடு இரட்டை நஷ்டம், கறியாவது மிஞ்சட்டுமே என்ற கணக்கு அது.

நம் பக்கத்து மாட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், திருமுல்லைவாயலிலிருந்து வந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். தெருவில் மேயும் மாட்டின் சாப்பாடு அது. பிளாஸ்டிக் தசைக்குள் போய்விடாதுதான். ஆனால் குப்பை எரிந்த சாம்பலும், பழைய பேட்டரியின் ஈயமும், ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால் தண்ணீரும் அதே வாய் வழியாகத்தான் உள்ளே போகின்றன. கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோய்க்கு ஊசி போட்ட மாடு என்றால் அந்த மருந்தும் உடம்பில் இருக்கும். டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றே இந்தியப் பிணந்தின்னிக் கழுகுகள் ஏறக்குறைய அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. செத்ததைத் தின்பதற்கென்றே படைக்கப்பட்ட பறவை, வயிற்று அமிலத்தால் ஆந்த்ராக்ஸையே ஜீரணிக்கும் என்று பெயரெடுத்தது, ஒரு வலிநிவாரணிக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

அறுப்புக்கூடம் என்ற ஏற்பாடே விலங்கின் கடந்தகாலத்தை விசாரிக்கத்தான். புளியந்தோப்பு ஆடுதொட்டியில் ஆட்டை நிற்கவைத்து, நடக்கவிட்டு, மூக்கையும் வாயையும் பார்த்த பிறகு அறுக்க வேண்டும். அறுத்த பின் ஈரலையும் நிணநீர்க் கணுக்களையும் பார்த்து முத்திரை குத்த வேண்டும். 2001-ஆம் ஆண்டின் அறுப்புக்கூட விதிகள், ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளைக்கு 96-க்கு மேல் சோதிக்கக் கூடாது என்றுகூடச் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் தொங்கும் தொடைகளில் எத்தனையில் முத்திரை இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். விதி விதியாக இருக்கிறது, கடை கடையாக இருக்கிறது.

கறியின் பூர்வீகம் தெரியாதபோது ஊர் எப்படிப் பதறும் என்பதற்கு 2018 நவம்பர் சாட்சி. ஜோத்பூரிலிருந்து எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வந்த இறைச்சி 2,000 கிலோவுக்கு மேல் பிடிபட்டது. வாலைப் பார்த்து நாய்க்கறி என்றார்கள். பிரியாணிக் கடைகள் ஈயோட்டின. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனை, அது ஆட்டுக்கறிதான் என்றது. கறியிலுள்ள டி.என்.ஏ. அது எந்த விலங்கு என்று சொல்லிவிடும். அந்த விலங்கு எப்படிச் செத்தது என்று சொல்லாது.

சட்டத்துக்கு வருவோம். செத்த ஆடு யாரோ ஒருவருடைய ஆடு. உயிர் போனாலும் அவர் சொத்துதான். கேட்காமல் தூக்கிக்கொண்டு போவது அடுத்தவர் பொருளை அபகரிப்பது. உரிமையாளரே எடுத்துத் தன் வீட்டில் சமைத்தால் போலீஸ் வந்து நிற்காது. ஆனால் கடைக்கு விற்றால் கதை வேறு: தானாகச் செத்த விலங்கு, பறவையின் இறைச்சியை விற்பதும் உணவில் சேர்ப்பதும் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை.

காட்டு விலங்கு என்றால் வீட்டுச் சமையலுக்கும் வழியில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, செத்துக் கிடக்கும் வனவிலங்கை அரசுச் சொத்து என்கிறது. கையில் கிடைத்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிட வேண்டும். உடும்பு, மயில் போன்று முதல் அட்டவணையில் இருப்பவற்றின் கறியோடு பிடிபட்டால், 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "நான் கொல்லல சார், ரோட்டுல கெடந்துச்சு" என்பது பதில் ஆகாது. ஆகும் என்று வைத்தால், கண்ணி வைத்தவரும் துப்பாக்கி வைத்தவரும் நாளைக்கு அதையேதான் சொல்வார்கள். ஆரிகன் கொம்பைக் கேட்டு வாங்குவதும், நம் சட்டம் முழு விலங்கையும் கேட்பதும் ஒரே சந்தேகத்தின் இரண்டு அளவுகள்.

இந்தக் கடற்கரையில் அந்தப் பிரிவு பெரிய அளவில் பொருந்திய சம்பவம் சாலையில் நடக்கவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரமும் அதன் அக்கம்பக்கமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் வர முடியாது. கரைக்கு மிக அருகே விசைப்படகுகள் வலை இழுத்ததே காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஒரே வலை, ஒரே மூச்சுத் திணறல். மீன் ஏலத்துக்குப் போகிறது, ஆமை குழிக்குப் போகிறது. ஆமையைக் கொல்ல யாரும் திட்டமிடவில்லை, ஆனால் விபத்து என்ற சொல் அதற்குப் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். எங்கே, எந்த மாதத்தில் வலை போட்டால் ஆமை சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

லாரிக்கும் அதுவே. இங்கே சட்டம் கொஞ்சம் விசித்திரமாக நிற்கிறது. செத்த உடும்பைச் சமைத்தவருக்குச் சிறை உறுதி. அதை அடித்த டிரைவரைப் பிடிக்க வழி மிகக் குறைவு. 2022 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், உணவு கொண்டுபோன ஓர் இளைஞரின் பைக்கில் தெருநாய் அடிபட்டுச் செத்த வழக்கை ரத்துசெய்தது. கவனமின்றி ஓட்டுவதற்கான தண்டனைப் பிரிவுகள் மனிதர்களுக்கு வரும் ஆபத்தைப் பற்றியவை, நாய்க்குப் பொருந்தாது என்றது. மாட்டையோ ஆட்டையோ கொன்றதற்குத் தனிப் பிரிவு உண்டு. அதற்கு வேண்டுமென்றோ தெரிந்தோ செய்ததாகக் காட்ட வேண்டும். நடுராத்திரி டிரைலர் ஓட்டுநர் மேல் அதை யாரும் காட்ட முடியாது, காட்டுவது நியாயமும் இல்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட் முன்னால் மணிக்கணக்காக வரிசையில் நின்றுவிட்டுத் தூக்கக் கண்ணோடு கிளம்பும் மனிதர் அவர்.

பலன் தருவது முன்கூட்டியே செய்வதுதான். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. துறைமுகச் சாலையை ராத்திரியில் மூட முடியாது என்பது உண்மை. சென்னை மாநகராட்சி இதுவரை பிடித்திருப்பது மாட்டின் உரிமையாளரை: சாலையில் திரியும் மாட்டுக்கு முதல்முறை 10,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 15,000. செத்துக் கிடந்தால் 1913-க்குப் போன் செய்தால் ஆள் வந்து எடுத்துப்போவார்கள். அபராதம் தவறில்லை. ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தின் மேய்ச்சல் கரைகள் சாம்பலுக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் போன பிறகு அந்த மாடு நிற்க மிச்சமிருக்கும் இடம் எது என்று ரசீதில் எழுதுவதில்லை. கறியை யார் எடுப்பது என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது, மேய்ச்சல் நிலத்தை எடுத்தவர்களைப் பற்றி அதே தெளிவு இன்னும் வரவில்லை.